ஓடுகிறதா, நின்றுவிட்டதா? சென்சார் கட்ட வரும் பிள்ளைகளுக்கு

சென்னை ரிச்சி தெருவில் புதிதாகக் கால் வைக்கிற பிள்ளைகள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "கரண்ட் சென்சார் என்ன விலை?" என்பதுதான். எதற்கு என்று கேட்டால், "கீசரை அணைத்தோமா இல்லையா என்று ஃபோனில் தெரியணும்" என்பார்கள். சிலருக்கு அயர்ன் பாக்ஸ், சிலருக்கு மோட்டார். நல்ல ஆசை, செய்யக்கூடிய வேலையும்கூட. ஆனால் எந்தச் சென்சார் என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் நிற்கும் சில சங்கதிகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கரண்ட் வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள், சென்சாரை அப்புறம் வாங்குங்கள்.

ஒரு சாதனம் ஓடுகிறதா என்று கேட்கும்போது நாம் உண்மையில் நான்கு கேள்விகளைக் கலந்து கேட்கிறோம். சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? சாதனம் வரைக்கும் வோல்டேஜ் வந்திருக்கிறதா? அதன் வழியாகக் கரண்ட் ஓடுகிறதா? அது செய்ய வேண்டிய வேலை நடக்கிறதா? இந்த நான்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சுவிட்ச் போட்டிருக்கும், தெருவிலேயே மின்சாரம் போயிருக்கும். வோல்டேஜ் வந்திருக்கும், தெர்மோஸ்டாட் திறந்திருப்பதால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடும், கிணற்றில் நீர் இறங்கியிருப்பதால் தொட்டி நிறையாது. மாடிப்படி விளக்கின் டூ-வே சுவிட்சைப் பாருங்கள்: மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அதை மட்டும் வைத்து விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

நான்கில் எது உங்களுக்கு வேண்டும் என்று நோட்டில் ஒரு வரியில் எழுதுங்கள். ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் கெடாமல் இருக்கிறதா என்பது கேள்வியானால், கரண்ட் சென்சாரே வேண்டாம். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் வெப்பச் சென்சார் போதும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், கேஸ் இறங்கியதால் குளிர் மட்டும் இருக்காது. கரண்ட் சென்சார் அந்த நேரத்திலும் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும்.

2. பலகையைத் திறக்கும் முன் மூன்று முறை சோதியுங்கள்.

நம் வீட்டு 230 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். கணக்கு. அலையின் உச்சத்தில் அது சுமார் 325 வோல்ட். சுவிட்ச் போர்டைத் திறக்குமுன் எம்சிபியை இறக்குங்கள். பிறகு டெஸ்டரை உயிருள்ள ஓர் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். மறுபடியும் உயிருள்ள இடத்துக்கே போய் எரிகிறதா என்று பாருங்கள். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் காட்டிக்கொடுப்பது இந்த மூன்றாவது சோதனைதான்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். அது இருக்கிறது என்று துணிந்துவிடவும் கூடாது. உடல் வழியாக எர்த்துக்குக் கசியும் கரண்டைத்தான் அது பிடிக்கும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டு நின்றால், அதன் கணக்கில் நீங்களும் ஒரு பல்புதான். நிரந்தர ஒயரிங்கில் கை வைக்க வேண்டிய வேலை எதுவானாலும் சான்றிதழ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

3. மெயின்ஸைத் தொடாமல் முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

பெரும்பாலான சாதனங்கள் தம் நிலையை வெளியே சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. கீசரில் விளக்கு இருக்கிறது. அதன்மேல் ஒளியை உணரும் ஓர் எல்டிஆரை வைத்து, வெயில் படாமல் கறுப்பு டேப்பால் மூடுங்கள். இண்டிகேட்டர் விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரிந்தாலும் எல்டிஆர் மந்தமானது. அந்த மினுக்கலைச் சராசரியாக்கி, இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும். அந்த மந்தம் இந்த வேலைக்கு வசதி. வாஷிங் மெஷின் அதிரும், ஓர் அதிர்வுச் சென்சார் போதும். அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன் முன் காற்று அடிக்கும். மோட்டாரின் டெலிவரி குழாயில் தண்ணீர் ஓடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு சென்சாரை ஒட்டுங்கள். அயர்ன் பாக்ஸில் எரியும் விளக்கு, பெரும்பாலும் "இப்போது சூடேறுகிறது" என்பதற்கான விளக்கு. தெர்மோஸ்டாட் திறந்ததும் அது அணைந்துவிடும். அணைந்ததைப் பார்த்து, பெட்டியே அணைந்துவிட்டது என்று மனிதர்களே ஏமாறுகிறார்கள். உங்கள் எல்டிஆர் ஏமாறாமல் இருக்குமா?

4. டெஸ்டர் வோல்டேஜைத்தான் சொல்லும்.

நியான் டெஸ்டர் எரிந்தால் அந்த முனையில் ஃபேஸ் இருக்கிறது, அவ்வளவுதான். சாதனம் ஓடுகிறது என்று பொருளில்லை. சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டுவிட்ட பழைய ஒயரிங்கில், சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு ஹோல்டரில் டெஸ்டர் எரியும். நியூட்ரல் அறுந்துபோன இடத்தில், சுவிட்ச் போட்டிருந்தால் இரண்டு முனையிலுமே எரியும், ஆனால் எதுவும் ஓடாது. ஒயரைத் தொடாமலே "பீப்" போடும் பேனா டெஸ்டரும் இதே ஜாதி. மின்புலத்தை உணர்கிறது, கரண்டை அல்ல. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் குழப்பத்தில் பாதி வராது.

5. பேய் வோல்டேஜைக் கண்டு பயப்படாதீர்கள், நம்பவும் செய்யாதீர்கள்.

சுவிட்சை அணைத்துவிட்டு டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 40, 60, 90 வோல்ட் என்று ஏதாவது காட்டும். நீளமாக ஒன்றாய் ஓடும் ஒயர்களுக்கு நடுவே கெப்பாசிட்டர் போன்ற ஓர் இணைப்பு இயல்பாகவே உண்டாகிறது. பக்கத்து ஃபேஸிலிருந்து ஒரு துளி மின்சாரம் அதன் வழியே கடந்து வருகிறது. மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம் என்பதால் அந்தத் துளியே அதற்குப் போதும். ஒரு குண்டு பல்பை அங்கே மாட்டினால் வோல்டேஜ் சட்டென்று விழுந்துவிடும். சுவிட்சை அணைத்த பின்னும் சில எல்இடி பல்புகள் இரவில் மங்கலாக ஒளிர்வதற்கும் இதுவே ஒரு காரணம். சுவிட்சுக்குள் இருக்கும் குட்டி நியான் விளக்கு இன்னொரு காரணம். உங்கள் வோல்டேஜ் சென்சாரும் இதே துளியில் ஏமாறலாம். அணைத்த நிலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

6. வோல்டேஜ் இருக்கிறதா என்று அறிய, நல்ல சார்ஜர் ஒன்று போதும்.

ஆப்டோகப்ளர் வைத்துச் சொந்தமாகச் சர்க்யூட் போடலாம். ஆனால் முதல் வேலையே 230 வோல்ட்டைப் பலகையில் கொண்டுவந்து நிறுத்துவதாக இருக்க வேண்டாம். சாதனத்துக்குப் போகும் அதே சுவிட்சின் கட்டுப்பாட்டில் இன்னொரு சாக்கெட் இருந்தால், அதில் பிஐஎஸ் பதிவெண் உள்ள 5 வோல்ட் ஃபோன் சார்ஜரை மாட்டுங்கள். சாதனத்துக்கு வோல்டேஜ் போனால் சார்ஜரிலும் 5 வோல்ட் வரும். தனிமைப்படுத்தும் வேலையைச் சார்ஜருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பார்த்துக்கொள்ளும். அந்த 5 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் வைத்து 3.3க்குக் கீழே குறைத்து ஈஎஸ்பி-32 மைக்ரோகன்ட்ரோலரின் பின்னுக்குக் கொடுங்கள். அணைத்ததும் சார்ஜரின் கெப்பாசிட்டர் வடிய சிறிது நேரம் ஆகும் என்பதால், வெளிமுனையில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் சீக்கிரம் வடிந்துவிடும். நடைபாதையில் கிடைக்கும் பெயரில்லாத சார்ஜரை மட்டும் இதற்கு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் காப்பு எப்படிப்பட்டது என்று வெளியிலிருந்து தெரியாது.

7. சிடியை ஒற்றை ஒயரில் மாட்டுங்கள்.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை எல்லோரும் சிடி என்றுதான் சொல்வோம். ஒயரை அறுக்காமல் அதைச் சுற்றிக் கவ்வும் வளையம் அது. புதிதாக வாங்கிய பிள்ளைகள் மிக்ஸியின் ஒயரையே முழுதாக வளையத்துக்குள் விட்டுவிட்டு, "சென்சார் வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்பார்கள். அந்த ஒயருக்குள் ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமம், திசைதான் எதிர். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மீட்டர் பூஜ்யம் காட்டும். ஃபேஸ் மட்டும், அல்லது நியூட்ரல் மட்டும் வளையத்துக்குள் போக வேண்டும். வீட்டு ஒயரைக் கீறிப் பிரிக்காதீர்கள். ஒயர்மேனிடம் நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்குள் ஒற்றை ஒயர் தனியாகத் தெரிய விடச் சொல்லுங்கள்.

8. வாங்குமுன் வாய்க்கணக்கு போடுங்கள்.

வாட்டை 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆம்பியர். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3, பழைய 75 வாட் மின்விசிறி 0.33, 9 வாட் எல்இடி பல்பு 0.04. மலிவான பல்புகளின் பவர் ஃபேக்டர் குறைவு என்பதால் அது 0.08 வரை போகலாம்.

இப்போது ஏசிஎஸ்-712 என்ற பிரபலமான சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவை வைத்து வேலை செய்வது அது. அதன் 30 ஆம்பியர் வகை ஓர் ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் கொடுக்கும். எல்இடி பல்பின் 0.04 ஆம்பியருக்கு 2.6 மில்லிவோல்ட். ஆர்டுயினோ ஊனோ பலகையில் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி ஒரு படிக்கு 4.9 மில்லிவோல்ட் பார்க்கும். ஒரு படிகூடத் தேறாத சிக்னலைப் பிடித்து எப்படி முடிவெடுப்பீர்கள்? கீசருக்கு அதே சிப் தாராளமாகப் போதும். 5 ஆம்பியர் வகை ஓர் ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தரும், ஆனால் கீசருக்கு ஆகாது. எல்லாச் சாதனத்துக்கும் ஒரே சென்சார் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கே தீர்த்துவிடும். இன்னொன்று: ஏசிஎஸ்-712இன் வழியாகவே மெயின்ஸ் கரண்ட் ஓடுகிறது. ஆகவே அந்தச் சின்னப் பலகையின் ஸ்க்ரூவெல்லாம் உயிருள்ளவை. திறந்த மேஜையில் அதை வைத்து விளையாடாதீர்கள்.

9. சிடிக்குச் சுற்றும் தெரிய வேண்டும், பர்டனும் தெரிய வேண்டும்.

எஸ்சிடி-013-000 என்ற சிடியில் 100 ஆம்பியர் ஓடினால் 50 மில்லி ஆம்பியர் வரும், அதாவது 2000க்கு 1. மின்விசிறியின் 0.33 ஆம்பியருக்கு சிடியின் இரு முனைகளுக்குக் குறுக்கே போடும் 33 ஓம் பர்டன் ரெசிஸ்டரில் 5 மில்லிவோல்ட் சொச்சம்தான் கிடைக்கும். இங்கே ஒரு பழைய தந்திரம் உண்டு. அதே ஒயரை வளையத்துக்குள் பத்துமுறை சுற்றி விட்டால் சிக்னலும் பத்து மடங்காகும். 100 ஆம்பியர் சிடி 10 ஆம்பியர் சிடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும் ஒயரின் காப்பு முழுசாக இருக்க வேண்டும், வளையம் இறுக்கமாக மூடவும் வேண்டும். மூடும் இடத்தில் தூசி இருந்தால் கணக்கு பிசகும்.

கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பர்டன் இல்லாமல் சிடியின் இரு முனைகளையும் திறந்துவிடக் கூடாது. அங்கே அபாயமான வோல்டேஜ் எழும். வீட்டுச் சிடிகள் பலவற்றுக்குள் பாதுகாப்பு டயோடு இருக்கும் என்றாலும் அதை நம்பிப் பழகாதீர்கள். பெரிய பேனலில் வேலைக்குப் போகும் நாளில் அந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும்.

10. ஒரு தடவை படித்து முடிவுக்கு வராதீர்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி. அந்த 20 மில்லி விநாடியில் கரண்ட் இரண்டு முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. நீங்கள் ஒரே ஒரு முறை படித்தால், கீசர் முழுவேகத்தில் எரியும்போதும் பூஜ்யம் கிடைக்கலாம். குறைந்தது பத்து அலைகள், அதாவது 200 மில்லி விநாடி முழுக்க மாதிரிகளை எடுங்கள். நடுக்கோட்டைக் கழியுங்கள், வர்க்கம் செய்து கூட்டிச் சராசரி எடுங்கள், வர்க்கமூலம் காணுங்கள். அதுதான் ஆர்.எம்.எஸ். முழு அலைகளாக எடுப்பது முக்கியம். அரையும் குறையுமாக வெட்டினால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

11. சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று முதலில் அளங்கள்.

அணைந்த சாதனம் பூஜ்யம் என்று நினைக்காதீர்கள். ரிமோட்டில் அணைத்த டிவி காத்திருக்கும். சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் காத்திருப்பு மின்சாரத்துக்கு ஒரு வாட் என்ற இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல், திரையேதும் எரியாத காத்திருப்புக்கு அரை வாட்தான் வரம்பு. ஆனால் செட்டாப் பாக்ஸ்கள் பலவற்றில், ரிமோட்டில் அணைத்தாலும் போட்டாலும் இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ ஒன்றேதான். அங்கே கரண்டை வைத்து நிலையைச் சொல்லவே முடியாது. பிஎல்டிசி மின்விசிறியிலும் சுவர் சுவிட்ச் போட்டபடியே இருக்கும், நிறுத்துவது ரிமோட்.

எல்லை ஒன்று வைக்காதீர்கள், இரண்டு வையுங்கள். டிவி 20 வாட்டுக்கு மேல் போனால் ஓடுகிறது, 10 வாட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றது, நடுவில் இருந்தால் முந்தைய நிலையே தொடரும். ஒரே எல்லை வைத்தால், எண் அதன்மேல் ஊசலாடும்போதெல்லாம் உங்கள் ஃபோன் அலறிக்கொண்டே இருக்கும்.

12. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பொறுமை உண்டு. அதைப் படியுங்கள்.

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தெர்மோஸ்டாட் திறந்து கரண்டை நிறுத்தும், ஆறியதும் மறுபடி கொடுக்கும். கரண்ட் பூஜ்யமான அந்த நொடியில் "அணைந்தது" என்று செய்தி அனுப்பினால், அது பொய். பெட்டி கொதித்துக்கொண்டு துணிமேல் உட்கார்ந்திருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு குறைந்த அளவில் வைத்தால் சில விநாடிகளுக்கு ஒருமுறை விட்டு விட்டு எரியும். ரைஸ் குக்கர் சமைத்து முடித்து வார்மில் போய் உட்காரும். வாஷிங் மெஷின் துணியை ஊறவைக்கும் நேரத்தில், செத்ததுபோல் நிமிஷக்கணக்கில் சும்மா இருக்கும். கீசர் சூடாகிவிட்டால், யாரும் குழாயைத் திறக்காத வரை நீண்ட நேரம் கரண்ட் இழுக்காது. ஃபிரிட்ஜும் அப்படியே, ஐஸ் உருக்கும் நேரத்தில் கம்ப்ரஸர் ஓய்வில் இருக்கும்.

ஆகவே "நின்றது" என்ற முடிவுக்கு ஒரு காத்திருப்பு நேரம் வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒரு நிமிஷம், வாஷிங் மெஷினுக்குப் பத்து நிமிஷம் என்று தொடங்கி, உங்கள் வீட்டு மெஷினை ஒரு முழுச் சுற்று கவனித்து மாற்றிக்கொள்ளுங்கள். சூடேற்றும் சாதனங்களில் கரண்டை மட்டும் வைத்துப் "பத்திரம்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அங்கே வோல்டேஜைப் பாருங்கள். சுவிட்சுக்கு அந்தப் பக்கம் வோல்டேஜ் இல்லை என்றால்தான் அயர்ன் பாக்ஸ் அணைந்தது.

13. மோட்டாருக்கு மூன்று பதில் உண்டு.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட், அது மோட்டார் கொடுக்கும் வேலை. இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். சிங்கிள் ஃபேஸில் சுமார் 6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு பாயும், அந்த ஒரு நொடியை உங்கள் நிரல் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். ஓடத் தொடங்கியபின் மூன்று நிலை: வழக்கமான கரண்ட் என்றால் நீர் வருகிறது. அதைவிடத் தெளிவாகக் குறைந்தால், மோட்டார் நீரில்லாமல் வெறுமனே சுற்றுகிறது. கூடினால் எங்கோ சிக்கியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் முந்நூறு அடியில் இருக்கும் சப்மெர்சிபிளின் சத்தம் மேலே கேட்காது. அதற்காகத்தான் ஸ்டார்ட்டர் பெட்டியில் அந்தக் காலத்திலிருந்தே அம்மீட்டர் வைக்கிறார்கள். உங்கள் அளவுகளைத் தொடங்குவதற்கு அந்த முள்ளையே பாருங்கள்.

கோடையில் வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் மாறும். எனவே மோட்டாருக்கு வோல்டேஜையும் சேர்த்தே அளங்கள். தொட்டி நிறைகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் வைப்பது இந்தக் கணக்கையெல்லாம்விட நேர்வழி.

14. ஈபி மீட்டர் கண்சிமிட்டுவதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

காசே செலவில்லாமல் கற்கக்கூடிய பாடம் இது. எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு எல்இடி சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 1125ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுங்கள். வருவது வாட். 1600 என்றால் 2250ஐ வகுங்கள். 3200 மீட்டரில் வெறும் ஃபிரிட்ஜ் 100 வாட்டில் ஓடினால் 11 விநாடிக்கு ஒரு சிமிட்டல். அயர்ன் பாக்ஸ் சூடேறும்போது விநாடிக்கு ஒன்று. 9 வாட் பல்பு மட்டும் என்றால் இரண்டு நிமிஷத்துக்கும் மேலே காத்திருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கும்போது மீட்டரைப் பத்து விநாடி பார்த்தாலே, பெரிய சாதனம் ஏதாவது ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். மாடியில் சோலார் உள்ள வீட்டில், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கும் சில மீட்டர்கள் சிமிட்டும். அதை நினைவில் வையுங்கள்.

அந்தச் சிமிட்டலை ஒரு ஃபோட்டோ டிரான்ஸிஸ்டரால் எண்ணலாம். மீட்டரின் சீலைத் தொடாதீர்கள், துளை போடாதீர்கள். மீட்டரைச் சிதைப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் போய் நிற்கும். அடுக்குமாடியில் மீட்டர்கள் பொது இடத்தில் இருக்கும், மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

ஒரே இடத்தில் அளந்து எல்லாச் சாதனத்தையும் பிரித்தறிய முடியுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் இதைத்தான் ஆராய்ந்தார், 1992இல் வெளியான அவருடைய கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம். மொத்த மின்சாரம் படிபோல ஏறி இறங்குவதைப் பார்த்து, எந்தப் படி எந்தச் சாதனம் என்று அடையாளம் காண்பது அவர் வழி. 1000 வாட் அயர்ன் பாக்ஸும் 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடும் ஒரே உயரப் படிதான் காட்டும். மோட்டார் உள்ளதையும் வெறும் சூடேற்றியையும் பிரிக்க ரியாக்டிவ் பவரையும் பார்க்க வேண்டும். ஆசைப்படுங்கள், ஆனால் முதல் வருஷத்தில் வேண்டாம்.

15. ஸ்மார்ட் ப்ளக் வாங்கினால் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, தாங்கும் ஆம்பியர். 10 ஆம்பியர் ப்ளக்கில் 2000 வாட் கீசரை மாட்டினால் கணக்கில் இடம் இருப்பதுபோல் தெரியும், ஆனால் தளர்ந்த சாக்கெட்டில் தொடர்ந்து 8.7 ஆம்பியர் ஓடினால் முனை கருகும். 16 ஆம்பியர் வகையை வாங்குங்கள். இரண்டு, உள்ளே இருக்கும் எச்எல்டபிள்யூ-8012, பிஎல்-0937 போன்ற அளவிடும் சிப்புகள் பெரும்பாலும் மெயின்ஸோடு நேரடியாக இணைந்தவை. டாஸ்மோட்டா என்ற நிரலை ஏற்றுகிறேன் என்று ப்ளக்கைச் சுவரில் மாட்டியபடியே கம்ப்யூட்டரின் யுஎஸ்பியை அதனோடு இணைத்தால், கம்ப்யூட்டரும் போகும், கையும் போகலாம். சுவரிலிருந்து கழற்றிவிட்டு, வெளியிலிருந்து 3.3 வோல்ட் கொடுத்துத்தான் நிரல் ஏற்ற வேண்டும்.

"அணை" என்று ப்ளக்குக்குள் இருக்கும் ரிலேவுக்குச் சொன்னதை "அணைந்தது" என்று எழுதிவைக்காதீர்கள். ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கட்டளை போயும் கரண்ட் நிற்காது. சொன்ன பிறகு அளந்து பார்த்து, அதன்பின் எழுதுங்கள். சூடேற்றும் எதையும் ஆளில்லாத வீட்டில் ஃபோனிலிருந்து போடாதீர்கள், அணைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

16. "தெரியவில்லை" என்று சொல்லச் சென்சாருக்குக் கற்றுக்கொடுங்கள்.

மின்வெட்டு நேரத்தை யோசியுங்கள். அயர்ன் பாக்ஸ் ஓடும்போது மின்சாரம் போகிறது. கரண்ட் பூஜ்யம், வோல்டேஜும் பூஜ்யம். வீட்டார் கிளம்பிவிடுகிறார்கள். மதியம் மின்சாரம் வருகிறது, சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. காலையில் "அணைந்தது" என்று சொன்ன சென்சார் பொய் சொல்லவில்லை, நாம் கேள்வியைத்தான் தவறாகக் கேட்டோம். எனவே வீட்டுக்கே மின்சாரம் இருக்கிறதா என்பதைத் தனியாக ஒரு சென்சாரால் அளங்கள். அது இல்லாத நேரத்தில் மற்றச் சென்சார்கள் எதுவும் "அணைந்தது" என்று சொல்லக் கூடாது. ஈஎஸ்பியும் வைஃபை ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா, ஈபி லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீசர் வேறு லைன், ரவுட்டர் வேறு லைன் என்பது பல வீடுகளில் வழக்கம்.

நிமிஷத்துக்கு ஒருமுறை சென்சார் "இருக்கிறேன்" என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் திரையில் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். மூன்றாவதாக ஒரு நிறம் வைத்து, கடைசியாகச் செய்தி வந்த நேரத்தை அதன்கீழ் காட்டுங்கள்.

17. யாருடைய வீட்டை அளக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001இல் ஒரு சேவையைத் தொடங்கியது. தனியாக இருக்கும் முதியவர் தேநீருக்கு வெந்நீர்க் கெட்டிலைப் பயன்படுத்தும் விவரம், தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்குச் செய்தியாகப் போகும். காலையில் கெட்டில் ஓடினால் அம்மா எழுந்துவிட்டார் என்று பொருள். கேமரா வேண்டாம், தினமும் ஃபோன் செய்து விசாரிக்கவும் வேண்டாம். ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்த நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படும் யோசனை. அதே செய்தி வேறொருவர் கையில் போனால், வீட்டில் ஆள் இல்லாத நேரமும் தெரிந்துவிடும். எண்களை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் போன்ற வழிகள் உண்டு. யாருடைய சாதனத்தில் சென்சார் வைக்கிறீர்களோ அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், பெற்ற தாயாக இருந்தாலும் சரி.

18. அடுத்து வருகிறவருக்கு எழுதி ஒட்டுங்கள்.

சென்சாரைத் தீப்பிடிக்காத மூடிய பெட்டிக்குள் வையுங்கள், டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். பெட்டியின் மேல் தமிழில் நான்கு வரி எழுதி ஒட்டுங்கள்: எதை அளக்கிறது, எந்த எம்சிபியை இறக்கினால் இதற்கு மின்சாரம் நிற்கும், எந்த ஒயர் வளையத்துக்குள் போகிறது, இதைக் கழற்றிவிட்டால் வீட்டில் எது வேலை செய்யாது. ஆறு மாதம் கழித்து, நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில், வேறு பழுதுக்கு வந்த ஒயர்மேன் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் யூகிக்க வேண்டியிருந்தால், உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.